பழவேற்காடு ஏரியும் மேட்டு நிலத்து மண்ணும்

கட்டமிட்ட கைத்தறி லுங்கிக்குப் 'பழையகாட்' என்னும் பெயர் இன்றும் சந்தையில் வழங்கி வருகிறது. குடியாத்தத்தில் நெய்ததாயினும், குறிஞ்சிப்பாடியில் நெய்ததாயினும், அத்துணிக்கு அப்பெயரே நிலைத்துவிட்டது. பெயர் தந்த ஊர் பழவேற்காடு. 1610ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அங்கு இடம் பெற்று, 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிபத்துக்கு அதுவே தலைமையிடமாயிற்று. நம் நெசவாளர் நெய்த கட்டத் துணிகளும் வண்ணம் தீட்டிய துணிகளும் அங்கிருந்து கப்பலேறிக் கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றன. அவற்றுக்கு ஈடாக மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வந்தன. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. கப்பல்கள் போயின, துணியின் பெயர் மட்டும் நின்றது.

அவ்வூரில் இன்று கப்பலைப் பற்றிப் பேசுவார் இல்லை. மீன்படகு கடலுக்குப் போய்த் திரும்ப வழி இருக்குமா என்பதே பேச்சு. கோடையில் ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடுகிறது. படகை நீரில் செலுத்த வேண்டிய இடத்தில் நாலு பேர் இறங்கித் தோள்கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. ஏரியின் உள்ளேயோ, முன்பு கழி ஊன்றிப் படகு விட்ட பல இடங்களில் இப்பொழுது சேறும் திட்டும் தலைகாட்டுகின்றன.

நெசவாளரும் பயிரிடுவோரும் அங்கத்தினராக உள்ள நம் சங்கங்களின் இதழில் மீனவரின் ஏரியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். விடை எளிது. அந்த ஏரியில் படியும் சேறு வானத்திலிருந்து விழுந்ததன்று. அதில் ஒரு பெரும் பங்கு நம் வயல்களிலிருந்தும், மேய்ச்சல் நிலங்களிலிருந்தும், நாம் வெட்டித் திருத்திய காட்டு மேடுகளிலிருந்தும் ஆற்றோடு போன மண். நம்மிடமிருந்து போன பொருள் பிறர் வீட்டில் கேடு செய்கிறதென்றால், அதை விசாரிக்கும் கடமை நமக்கு உண்டு. அன்றியும், போனது நம் பொருள் என்பதால் நஷ்டத்தில் பாதி நம்முடையது.

ஏரியின் இயல்பு

பழவேற்காடு ஏரி இந்திய நாட்டின் உவர்நீர்க் காயல்களுள் சில்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்கோடியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தமிழ்நாட்டுத் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஒரு நீண்ட மணல் வரப்பைப் போலக் கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் நன்னீர் கொண்டு சேர்க்கின்றன. பழவேற்காட்டருகே உள்ள முகத்துவாரமும், ஆந்திரப் பகுதியில் ராயதொருவு, தூப்பிலிப்பாளையம் என்னும் இடங்களில் உள்ள வாய்களும் கடல்நீர் வந்துபோகும் வழிகள்.

இவ்வளவு பரந்த நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர்தான். இதை வாசகர்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். முப்பது மீட்டர் ஆழமுள்ள ஏரியில் ஒரு சாண் மண் படிந்தால் எவரும் கவனிக்க மாட்டார். இடுப்பளவு ஆழமுள்ள ஏரியில் 1 சென்டிமீட்டர் மண் பரந்து படிந்தாலே நூறில் ஒரு பங்கு நீர் இடம் இழந்ததாகும்.

வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் புகுந்து, உவர்நீரில் சில மாதங்கள் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கொடுவாவும் நண்டும் இவ்வாறே கடலையும் ஏரியையும் மாறிமாறி நாடுபவை. உப்பு மிகுந்தாலும் குறைந்தாலும், வழி அடைபட்டாலும், ஆழம் குறைந்து நீர் சூடேறினாலும் அவற்றின் பெருக்கம் தடைப்படும். ஆகவே ஆழமும் முகத்துவாரமும் இந்த ஏரிக்கு இரு கண்கள். ஒரு கண் மங்கினால் மறு கண்ணும் மங்குகிறது. அது எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

மண் எங்கிருந்து வருகிறது?

எரிமலை வாயில் தேங்கிய ஏரிகள் உலகில் பல உள்ளன. அவற்றைச் சுற்றி நிற்கும் மலை விளிம்பே அவற்றின் நீர்ப்பிடிப்பு. விளிம்பில் ஒருவர் காட்டை வெட்டி உழுதால், அடுத்த மழையில் ஏரி நீர் கலங்கும். காரணமும் காரியமும் ஒரே பார்வையில் அடங்கும். பழவேற்காட்டின் நிலைமை அப்படியன்று. ஆரணியாறு ஆந்திர மலைகளில் தோன்றி, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக வந்து ஏரியில் கலக்கிறது. காளங்கி சூளூர்ப்பேட்டை வழியாக வருகிறது. மண்ணைத் தளர்த்துகிறவர் ஏரியைக் கண்ணால் கண்டவராகவே இருக்கமாட்டார். ஏரியில் சேற்றை மிதிக்கிறவருக்கோ அது எந்த ஊர் மண் என்று தெரியாது. குற்றவாளி இல்லாத குற்றம்போல இது நடந்து வருகிறது.

நிலத்தைப் பயன்படுத்தும் முறை மாறும்போது மண் எவ்வாறு இடம்பெயர்கிறது என்பதைச் சற்று நோக்குவோம். புதர்க்காடு மூடிய மேட்டில் மழை விழுந்தால், இலையும் சருகும் துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. நீர் மெல்ல உள்ளிறங்குகிறது. அதே மேட்டைச் சுரண்டி வெறுந்தரையாக்கி விட்டால், துளி நேரே மண்ணை அறைகிறது. மண் கரைந்து, ஓடும் நீரோடு கூடி, சிறு வாய்க்காலாகி, ஓடையாகி, ஆற்றை அடைகிறது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்க்கும் வட்டாரம் இது. கோடை முழுதும் காய்ந்து பொடிந்த தரையில் அம்மழை விழும்போது அரிமானம் மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் கனமுள்ள மேல்மண் அரித்துச் சென்றால் அது ஏறத்தாழ 4 கன மீட்டர். எடையில் சுமார் 5 டன். கண்ணுக்கு அந்நிலம் நேற்றிருந்தபடியே தோன்றும். 5 டன் எருவை ஒருவர் நம் வயலிலிருந்து வண்டியேற்றிக் கொண்டுபோனால் நாம் ஊரைக் கூட்டிக் கூச்சலிடுவோம். மழை கொண்டுபோனால் பேசாதிருக்கிறோம். அதுவும், முதலில் கரைவது எரு கலந்த மேல்மண்தான். அடியில் உள்ள கட்டாந்தரை அன்று. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வழக்கு. நாமோ அளவில்லாமல் ஆற்றிலே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பயிர்த்தொழில் ஒன்றையே குறை கூறுவது நேர்மையன்று. கும்மிடிப்பூண்டி, தடா வட்டாரங்களில் தொழிற்பேட்டைகள் பெருகியுள்ளன. தொழில் வேண்டாமென்று நாம் சொல்லோம்; நம் பிள்ளைகளும் அங்கே வேலைக்குச் செல்கின்றனர். ஆயினும், மனையும் சாலையும் அமைக்கத் தரையைக் கிளறிப் போட்டு மழைக்காலத்தைத் திறந்த மண்ணோடு கழிப்பது, உழுத வயலைவிடக் கேடு மிகுந்தது. ஆற்றில் அளவு கடந்து மணல் அள்ளுவதும் கரைகளை நிலைகுலையச் செய்கிறது. சரிந்த கரை அடுத்த வெள்ளத்தில் ஏரிக்குப் போகிறது. 1990களில் ஏரியோரத்திலும் கழிமுகங்களிலும் இறால் பண்ணைகள் பரவின. 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராக முக்கியமான தீர்ப்பை அளித்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென ஒரு தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன. பண்ணைக்காக எழுப்பிய கரைகளும், கழித்துவிட்ட சேறும், கைவிடப்பட்ட குட்டைகளும் நிலத்தின் பழைய வடிகாலை மாற்றிவிட்டால், அது தீர்ப்பாலும் சட்டத்தாலும் ஒரே நாளில் சீர்பட்டுவிடுவதில்லை.

முகத்துவாரம் அடைபடுவது ஏன்?

ஏரியில் சேர்வது ஆற்று மண் மட்டுமன்று. கடல் மணலும் உண்டு. இக்கரையோரத்தில் அலையும் நீரோட்டமும் ஆண்டு முழுதும் மணலை நகர்த்துகின்றன. ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலே மிகுதி. அந்த மணல் முகத்துவாரத்தின் குறுக்கே வந்து படிய முயல்கிறது. ஏரிக்குள் ஓதத்தோடு ஏறி, வற்றத்தோடு வெளியேறும் நீர் அதை அடித்துத் தள்ளி வழியைத் திறந்து வைக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நாள்தோறும் ஒரு மல்யுத்தம் நடக்கிறது எனலாம்.

ஏரியின் உள்ளே மண் நிறைந்துவிட்டால், ஓதத்தில் ஏறும் நீர் குறையும். ஏறும் நீர் குறைந்தால் வெளியேறும் நீரும் குறையும். அதன் வேகம் தளரும், மணல் வெல்லும், வாய் அடைபடும். வாய் அடைபட்டபின் ஆறு கொண்டுவரும் வண்டலுக்குக் கடலுக்குப் போகும் வழி இல்லை. அது ஏரியிலேயே தங்கும். தங்கிய மண் மேலும் ஆழத்தைக் குறைக்கும். இரு கண்களும் ஒன்றையொன்று மங்கச் செய்கின்றன என்று மேலே கூறியது இதனையே. கடன்பட்ட நெசவாளன் வட்டிக்காக மறுபடியும் கடன் வாங்குவதை நாம் கண்டிருக்கிறோம். ஏரியின் நிலையும் அதுவே.

மழைக்கால வெள்ளம் இந்தச் சுழலை உடைக்க வல்லது. ஆற்றிலிருந்து பெருகி வரும் நீர் ஏரியை நிரப்பி, முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு கடலில் பாயும்போது பல மாதத்து மணல் அகன்றுவிடுகிறது. ஆனால் ஆற்றில் அணைகளும் தடுப்பணைகளும் அமைந்து, வழியில் உள்ள ஏரி குளங்களும் ஆழ்துளைக் கிணறுகளும் நீரை ஏற்றுக்கொள்ள, நடுத்தர மழை பெய்யும் ஆண்டுகளில் காயலை அடையும் நீர் குறைகிறது. பெருமழை ஆண்டிலோ, வெள்ளம் மண்ணையும் சேர்த்தே கொண்டுவருகிறது. நீர் வேண்டிய காலத்தில் நீர் இல்லை. வரும் காலத்தில் மண்ணோடு வருகிறது.

குறுக்கே நிற்கும் கரைகள்

ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் இயங்கும் ராக்கெட் ஏவுதளம் நாட்டுக்கே பெருமை. அதற்குச் செல்லும் சாலை சூளூர்ப்பேட்டையிலிருந்து ஏரியின் குறுக்கே மண்கரை எழுப்பிப் போடப்பட்டது. அக்கரையில் நீர் செல்லும் வழிகள் போதாமையால் ஏரியின் வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் இடையே நீரோட்டம் தடைப்பட்டு, வடபகுதி கோடையில் விரைவாக வறண்டு உப்புத்தரையாகிறது. ராக்கெட் விண்ணை எட்டுவதற்கு ஏரி மூச்சுத்திணற வேண்டியதில்லை. மண்கரை உள்ள இடங்களில் அகலமான பாலக்கண்கள் அமைப்பது இன்றைய பொறியியலுக்குப் பெரிய காரியமன்று.

தெற்கே கடற்கரையில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், அவற்றின் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் அரித்தது. எண்ணூரில் 2001இலும் காட்டுப்பள்ளியில் 2013இலும் துறைமுகங்கள் இயங்கத் தொடங்கின. சுவர் கட்டினால் ஒரு பக்கம் மணல் குவியும், மறு பக்கம் கரை அரியும் என்ற பாடம் நமக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்துக்குப் பழவேற்காட்டு மீனவ ஊர்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, அவர்கள் முன்னேற்றத்துக்கு விரோதிகள் என்று பேசியவர் உண்டு. கடலையும் ஏரியையும் பிரித்து நிற்கும் ஒடுங்கிய மணல்மேடு கரைந்துவிட்டால் பின்பு ஏரி என்று ஒன்று இராது என்பதே அவர்களின் அச்சம். அந்த அச்சத்தில் அறிவும் உண்டு, அனுபவமும் உண்டு.

பாடும் பங்கும்

பழவேற்காட்டு மீனவ ஊர்களில் 'பாடு' என்னும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவ மீனவர்கள், சுற்று வலை கட்டி இறால் பிடிக்கத்தக்க இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். சீட்டெடுத்து யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று தீர்க்கின்றனர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி இடம் சுற்றி வருகிறது. நம் நாட்டில் கூட்டுறவுச் சட்டம் வந்தது 1904இல்தான். எழுதப்பட்ட விதிகளும் பதிவாளரும் இன்றி, பொதுச் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கலையை இவ்வூரார் அதற்கு முன்னரே பயின்றிருந்தனர்.

குறைகளும் இல்லாமல் இல்லை. பாடு உரிமை எல்லாச் சாதியாருக்கும் இல்லை. கரையோரச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும், உரிமை பெறாத பிற ஊராருக்கும் அதில் இடமில்லை. ஏரி ஆழமாகவும் இடம் மிகுதியாகவும் இருந்த காலத்தில் இந்த வேறுபாடு பெரும் பூசலாக வெடிக்கவில்லை. ஆனால் மண் படிந்து, வலை கட்டும் இடங்கள் தூர்ந்து, அதே சமயத்தில் ஏரியை நம்பும் வாய்கள் பெருகும்போது, பங்கிடும் முறை எவ்வளவு நியாயமானதாயினும் பங்கிடப் பொருள் இல்லாமற் போகிறது. அப்பொழுது ஊருக்கும் ஊருக்கும், சாதிக்கும் சாதிக்கும் சண்டை மூளுகிறது. செய்தித்தாள்கள் அதை மீனவர் மோதல் என்று எழுதுகின்றன. அம்மோதலின் அடியில் மேட்டு நிலத்திலிருந்து இறங்கிய மண் கிடக்கிறது என்பதை எவரும் எழுதுவதில்லை.

ஏரியில் வருவாய் குறைந்தால் அதன் விளைவு மீனவர் குடிசையோடு நிற்பதில்லை. மீன் கூடை சுமக்கும் பெண்கள், பனையோலை முடைந்து பெட்டியும் கூடையும் செய்யும் பெண்கள், படகு செப்பனிடும் தச்சர், கரையில் கடை வைத்திருப்போர் அனைவரும் அந்த நீரைச் சுற்றி வாழ்பவர். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் புதுத்துணி வாங்குவோரும் இவர்களே. வாங்குவோர் கையில் காசு இல்லையெனில் நம் தறியிலும் துணி தேங்கும். இதனை நம் நெசவாளர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தூர் வாரினால் போதுமா?

ஆண்டுதோறும் முகத்துவாரத்தைத் தோண்டித் திறப்பதும், சில மாதங்களில் அது மீண்டும் அடைபடுவதும் நெடுநாளைய வழக்கம். அண்மை ஆண்டுகளில் பழவேற்காடு முகத்துவாரத்தை நிலைநிறுத்த இருபுறமும் கற்சுவர்கள் அமைக்கும் வேலையைத் தமிழ்நாட்டு அரசாங்கம் மேற்கொண்டது. படகுக்கு வழி வேண்டும். ஆகையால் அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும், வாயைத் திறந்து வைப்பது மட்டும் வயிற்று நோய்க்கு மருந்தாகாது. ஏரிக்குள் மண் வந்து சேர்ந்துகொண்டே இருந்தால், சுவர்களுக்கு நடுவே ஓட நீர் இராது.

ஏரியின் அடியிலிருந்தே மண்ணை வாரி எடுத்துவிடலாமே என்பார் உளர். செலவை ஒருபுறம் வைப்போம். வாரிய மண்ணை என்ன செய்வது? இங்கே ஓர் உண்மையைப் பயிரிடுவோர் கவனிக்க வேண்டும். நம் ஊர்க் குளத்தில் படிந்த வண்டல் பொன்னுக்கு ஒப்பு. கோடையில் வெட்டி வயலில் கொட்டினால் இரண்டு மூன்று போகத்துக்கு எரு. அதே வண்டல் காயலில் படிந்துவிட்டால் உப்பேறி, எந்த வயலுக்கும் உதவாத சேறாகிறது. மண் ஒன்றுதான், நிற்கும் இடம் வேறு. குளத்தில் நிறுத்தினால் வரவு. ஏரிக்குப் போகவிட்டால் இரு சாராருக்கும் செலவு. இதைவிடத் தெளிவான வரவு செலவுக் கணக்கு எங்கும் கிடைக்காது.

சில்கா காட்டும் வழி

ஒடிசாவில் உள்ள சில்கா ஏரியும் இதே நோயால் நலிந்தது. ஆறுகள் கொண்டுவந்த வண்டலாலும், கடல்வாய் தூர்ந்தமையாலும் உப்புத்தன்மை குன்றி, களை பெருகி, மீன்வளம் சரிந்தது. ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் பெற்றிருந்த அந்த ஏரி, 1993இல் அபாயத்துக்குள்ளான நீர்நிலைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே ஏரிக்கென ஒரு தனி வளர்ச்சி ஆணையத்தை அம்மாநில அரசாங்கம் ஏற்படுத்தியிருந்தது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய கடல்வாய் ஒன்று வெட்டப்பட்டது. அதோடு நிற்கவில்லை, மேட்டு நிலத்து ஊர்களில் மக்களைக் கொண்டே மண் காப்பு வேலைகளும் நடந்தன. மீனும் நண்டும் இறாலும் மீண்டன. 2002இல் ஏரி அபாயப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

சில்காவின் பாடம் இரண்டு. கடல்வாயையும் மேட்டு நிலத்தையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும் என்பது ஒன்று. ஏரி முழுவதற்கும் பொறுப்பான ஒரே அமைப்பு வேண்டும் என்பது மற்றொன்று. சில்கா ஒரே மாநிலத்துக்குள் இருப்பது அதற்கு வாய்ப்பு. பழவேற்காட்டு ஏரியோ இரு மாநிலங்களுக்கு உரியது. ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980இலும் தனித்தனியே பறவைச் சரணாலயங்களாயின. பூநாரைக்கு மாநில எல்லை தெரியாது; ஏரியின் வண்டலுக்கும் தெரியாது. அதிகாரிகளுக்கு மட்டுமே அது தெரிகிறது.

நாம் செய்யத்தக்கவை

அரசாங்கம் செய்ய வேண்டியவற்றைக் கூறிவிட்டு நாம் கைகட்டி நிற்பது கூட்டுறவு ஆகாது. ஆரணியாற்றுப் பாசனத்திலும் அதன் இருமருங்கிலும் உள்ள நம் பயிரிடுவோர் சங்கங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் பின்வருவனவற்றைப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, மண்ணை மண்ணிலேயே நிறுத்துவது. சரிவான மேட்டு நிலங்களில் சரிவுக்குக் குறுக்கே உழுவதும், சமமட்டத்தில் வரப்பிடுவதும், வரப்பில் புல்லும் வெட்டிவேரும் வளர்ப்பதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நெல் அறுத்த நிலத்தை வெறுமையாக விடாது உளுந்து, காராமணி முதலியவற்றை விதைத்தால் பயறும் கிடைக்கும், நிலமும் மூடியிருக்கும். ஒருவர் மட்டும் வரப்பிட்டால் மேலண்டை வயலின் வெள்ளம் அதை உடைத்துவிடும். ஊர் முழுதும் சேர்ந்து இட்டால் நிற்கும். சங்கம் இருப்பது இதற்குத்தான்.

இரண்டாவது, ஊர்க் குளங்களும் வரத்துக் கால்வாய்களும். குடிமராமத்து நம் பழைய வழக்கம். 2017ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் அரசாங்க உதவியோடு அதற்குப் புத்துயிர் ஊட்டப்பட்டது. தூர்ந்த குளம் மண்ணைப் பிடிக்காது. வந்த மண்ணை வழியனுப்பிவைக்கும். குளத்து வண்டலை எடுக்கும் முறையும் பங்கும் சங்கத்தின் பொறுப்பில் இருக்கட்டும். வண்டல் என்ற பெயரில் மணல் வியாபாரம் நடக்காதபடி காக்கவும் சங்கமே தக்கது.

மூன்றாவது, கடினமான பொருள்: நீர்ப்பங்கு. குளமும் தடுப்பணையும் மண்ணைப் பிடிக்கின்றன; அது நன்று. அவை நீரையும் பிடிக்கின்றன. அது மீனவருக்குக் குறை. நமக்கு நீர் வேண்டும், அவர்களுக்கும் நீர் வேண்டும் என்னும்போது இரு சாராரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசியே தீர வேண்டும். கடலுக்குப் போகும் நீர் வீண் என்று நாம் நெடுங்காலம் சொல்லி வந்த வாசகத்தை இந்த ஆற்றைப் பொறுத்தவரை நாம் கைவிட வேண்டும். முகத்துவாரத்தைத் திறந்து, உப்பைத் தணித்து, இறால் குஞ்சுக்கு வழிசெய்யும் நீர் வீணன்று. குளங்கள் நிறைந்தபின் வரும் வெள்ளத்தில் ஒரு பகுதியை, மழைக்காலத்தின் நடுவே, தடுப்பணைக் கதவுகளைச் சேர்ந்தாற்போலத் திறந்து ஒரே வீச்சில் காயலுக்கு விடுவதைப் பற்றிப் நீர்வளத் துறையோடும் மீனவர் சங்கங்களோடும் கலந்து பேசலாம். சொட்டுச் சொட்டாகப் போகும் நீரைவிட ஒருமித்துப் பாயும் நீரே மணலை வெல்லும்.

இதைப் படிக்கும் குடியானவர் ஒருவர், 'எனக்கே நீர் போதவில்லை; மீனவருக்காக நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?' என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நாம் விட்டுக்கொடுக்கச் சொல்வது குளம் நிரம்பிய பின் வழியும் நீரை மட்டுமே. அன்றியும், ஆற்றில் நன்னீர் ஓட்டம் அற்றுப்போனால் உவர்நீர் மேலேறும். பொன்னேரி வட்டாரத்துக் கிணறுகளில் உப்பு ஏறி, சாகுபடி கைவிட்டுப்போன நிலங்களை அங்குள்ளோர் அறிவர். ஏரிக்கு விடும் நன்னீர், கடலுப்பைக் கீழே தள்ளி வைக்கும் காவலாளியும் ஆகும்.

நான்காவது, இரு மாநிலங்களையும் சேர்ந்த மீனவர், பயிரிடுவோர், நெசவாளர் சங்கங்களின் பிரதிநிதிகள் கொண்ட ஒரு பொதுக் குழு. இரு அரசாங்கங்களும் கூட்டு ஆணையம் அமைக்கும் நாள் வரட்டும் என்று காத்திராமல், சங்கங்கள் தாமே முதலில் கூடலாம். அக்குழுவில் பாடு உரிமை உள்ள ஊர்களுக்கு இடமிருப்பதுபோல, உரிமையற்ற இருளர் குடும்பங்களுக்கும் இடம் இருக்க வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. ஏரியை மீட்க எல்லாரையும் அழைத்துவிட்டு, மீண்ட ஏரியைச் சிலருக்கு மட்டும் உரியதாக்குவது கூட்டுறவு நெறிக்கு ஒவ்வாது.

தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் உடனே கையை நிறுத்தி முடிச்சிடுகிறோம். விட்டுவிட்டால் குறை துணி நெடுக ஓடும். பிச்சாட்டூரிலிருந்து பழவேற்காடு வரை ஓடும் ஆற்றில் பல இழைகள் அறுந்துள்ளன. அவற்றுள் நம் கைக்கு எட்டியவை நம் வரப்பும் நம் குளமும். ஆடியில் உழவு தொடங்குமுன், ஒவ்வொரு பயிரிடுவோர் சங்கமும் தன் எல்லையில் எத்தனை ஏக்கர் மேட்டு நிலம் வரப்பின்றிக் கிடக்கிறது, எத்தனை குளம் தூர்ந்து கிடக்கிறது என்று ஒரு கணக்கெடுத்து, தீர்மானத்தோடு இவ்விதழுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். வரும் கணக்குகளை வெளியிடவும், அவற்றைப் பழவேற்காட்டு மீனவர் சங்கங்களுக்கு அனுப்பவும் நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.